கிளே தெருவில் ஒரு பாலாலயம்

சான் பிரான்சிஸ்கோ வரும் நம்மவர்கள் சிவப்புப் பாலத்தில் நின்று போட்டோ எடுப்பார்கள், சைனாடவுனில் மலிவாக டீஷர்ட் வாங்குவார்கள், திரும்பிவிடுவார்கள். நானும் பல வருஷம் அந்த ரகம்தான். 1998 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை என் மனைவி மலர்விழி சைனாடவுனின் கிளே தெருவுக்கு என்னை டிரைவராகக் கூட்டிக்கொண்டு போனாள். அதன் பிறகு அந்தத் தெரு எனக்கு வேறு தெருவாகிவிட்டது.

மலர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், மதுரைக்காரி. பழைய செங்கல் கட்டடங்களைப் பூகம்பம் தாங்கும்படி பலப்படுத்தச் சொல்லி நகராட்சி உத்தரவு போட்டிருந்தது. அவள் கையில் இருந்தது கிளே தெருச் சரிவில் ஒரு நாலு மாடிக் கட்டடம். கீழே மூலிகைக் கடை. நடுவில் சின்னச் சின்ன வாடகை அறைகளில் வயதான சீனர்கள். உச்சியில், ஒரே குலப்பெயர் கொண்டவர்கள் நடத்தும் சங்கமும் அதன் சாமி சந்நிதியும். எஃகுச் சட்டம் ஏற்ற வேண்டிய சுவரை ஒட்டித்தான் சந்நிதி இருந்தது. அதை நகர்த்தக் கூடாது என்றார்கள் சங்கத்துப் பெரியவர்கள். நகர்த்தாவிட்டால் வேலை நடக்காது. வேலை நடக்காவிட்டால் கட்டடத்தைப் பூட்டி, அந்த வயதானவர்களை வெளியேற்ற வேண்டியதுதான். அன்று கடைசிப் பேச்சுவார்த்தை.

எங்கள் வீடு இருக்கும் லிவர்மோரிலிருந்து காலை எட்டரைக்குக் கிளம்பினோம். நாற்பத்தைந்து மைல், பே பிரிட்ஜ் டோல் இரண்டு டாலர், பார்க்கிங் பன்னிரண்டு டாலர் (வயிறு எரிந்தது). அங்கிருந்து ஏற்றம். ஐயோ, அது தெருவா, ஏணியா! எனக்கு மூச்சு வாங்கியது. கையில் வரைபடச் சுருளோடு மலர் முன்னால் போய்க்கொண்டே இருந்தாள்.

"ஒத்துக்கலேன்னா என்ன பண்ணுவே?" என்றேன்.

"டிசைனை ரெண்டு தடவை மாத்திப் பாத்துட்டேன்ங்க. வேற வழியே இல்ல. அந்தத் தாத்தாக்களை யார் கூட்டிட்டுப் போய் வச்சுப்பாங்க?" அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

சங்கத் தலைவர் சான் வாசலிலேயே நின்றிருந்தார். எண்பது வயதுக்காரர், அதே தெருவில் பிறந்தவர். 1906 பூகம்பத்திலும் தீயிலும் இந்தப் பேட்டையே சாம்பலானபோது, சீனர்களை ஊருக்கு வெளியே எங்காவது ஒதுக்குப்புறமாகத் தள்ளிவிடப் பெரிய மனிதர்கள் திட்டம் போட்டார்களாம். இவர்கள் அசையவில்லை. அதே சரிவில் மறுபடி செங்கல் அடுக்கினார்கள். வளைந்த கூரைகளையும் பலவண்ண மாடங்களையும் வியாபாரிகள் யோசித்தே வைத்தார்களாம், ஊரே வேடிக்கை பார்க்க வரட்டும் என்று. "அசையாததால்தான் இருக்கிறோம்," என்றார் சான். அப்படிப்பட்டவர்களிடம் போய் சாமியை அசைக்கச் சொன்னால் எப்படி?

மேல்மாடியில் பெரியவர்கள் ஐந்தாறு பேர் இறுகிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். மலர் வரைபடத்தை விரிக்கவே இல்லை. சந்நிதிக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

"எங்கள் கோயில்களில் திருப்பணி செய்ய வேண்டுமென்றால், முதலில் சாமியிடம் அனுமதி கேட்போம்," என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். "பிறகு சாமியின் சக்தியைக் குடத்திலோ படத்திலோ இறக்கி, பக்கத்தில் ஒரு சின்ன இடத்தில் வைத்துப் பூஜை செய்வோம். பாலாலயம் என்று பெயர். வேலை முடிந்ததும் பழைய இடத்துக்கே அழைத்து வருவோம். அதைவிடப் பெரிய திருவிழா எங்களுக்குக் கிடையாது. நீங்களும் உங்கள் சாமியையே கேட்டுப் பாருங்களேன்?"

சான் சீன மொழியில் சொன்னார். காரசாரமாக ஏதோ பேச்சு ஓடியது. கடைசியில் பிறை வடிவத்தில் இரண்டு மரத்துண்டுகளை எடுத்தார். நாம் பூக்கட்டிப் பார்ப்போமே, அதேதான்! ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்தால் சம்மதம். போட்டார். இரண்டுமே மல்லாந்தன.

"கேள்வி தெளிவாக இல்லை, சாமி சிரிக்கிறார்," என்றார் சான்.

"திரும்பி எப்போது வருவார் என்று நாம் சொல்லவில்லையே," என்றாள் மலர். "அடுத்த வருஷம் உங்கள் இலையுதிர்கால நிலா விழாவுக்குள் அழைத்து வருவோம் என்று சொல்லுங்கள். நான் பொறுப்பு."

சான் அவளையே பார்த்தார். மறுபடி கேட்டார், போட்டார். ஒன்று கவிழ்ந்தது, ஒன்று மல்லாந்தது. "அப்பாடா!" என்று நான் தமிழிலேயே கத்திவிட்டேன். கீழே இறங்கியதும் ஓட்டலில் பதினான்கு டாலருக்குச் சீனக் கொழுக்கட்டையாகச் சாப்பிட்டுத் தீர்த்தோம்.

யாரையும் வெளியேற்றாமல் அறை அறையாக வேலை நடந்தது. சொன்னபடி 1999 விழாவுக்கு முன்னால் சாமி வீடு திரும்பினார். பட்டாசு, மேளம், ஒரே அமர்க்களம். முதல் ஊதுபத்திகளை ஏற்றிய சான், தன் சங்கத்தாரைத் தாண்டி வந்து மலரின் கையில் கொடுத்தார். தமிழ்நாட்டில் எங்கள் ஊர்க் கோயிலில் பரிவட்டம் கட்டும் வரிசையில் எங்கள் குடும்பங்களுக்கு இடம் கிடையாது. அன்று எனக்குக் கண்ணீர் வந்தது, சொல்ல வெட்கமில்லை.

போகிறவர்களுக்கு: கார் வேண்டாம், லிவர்மோர் பக்கத்து டப்ளினில் பார்ட் ரயில் ஏறி மாண்ட்கோமரியில் இறங்குங்கள். ஹீல்ஸ் போடாதீர்கள். பத்து மணிக்கு முன் போனால் கூட்டம் குறைவு. கடைகளோடு நின்றுவிடாமல் அண்ணாந்து பாருங்கள். கிளே தெருவில் ஒரு மூலிகைக் கடைக்கு மேலே, ஜன்னல் ஜன்னலாக வயதானவர்களின் பனியன்கள் காய்ந்துகொண்டிருக்கும். அது நம்ம மலர் செய்த வேலை.