மாமா பொறுக்கிய கோதுகள்

எங்கள் வீட்டில் ஐஸ்கிரீம் வாளிகளுக்குக் குறைவில்லை, ஐஸ்கிரீம்தான் இருந்ததில்லை. ஒன்றில் மீன்குழம்பு உறைந்து கிடக்கும். இன்னொன்றில் துருவிய தேங்காய்ப்பூ. மற்றொன்றுக்குள் அம்மாவின் ஊசியும் நூலும். ஆகவே மாமாவின் கட்டிலுக்குக் கீழே ஒரு வாளியைக் கண்டபோது, பெரிய நம்பிக்கை எதுவும் வைக்காமல்தான் மூடியைத் திறந்தேன். உள்ளே சின்னச் சின்னப் பித்தளைக் குழாய்கள். யன்னல் வெயில் பட்டதும் எல்லாம் ஒரேயடியாக மினுங்கின. கையை உள்ளே விட்டு அளைந்தேன். தண்ணீருக்குள் கைவிட்டதுபோலக் குளிர்ந்தது. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன் என்று தெரியாது. அந்த வயதில் நேரம் என்பது அம்மா கூப்பிடும்போது மட்டும்தான் எனக்கு வரும்.

அவை சுட்டு முடிந்த துவக்கு ரவைகளின் வெற்றுக் கோதுகள் என்று மாமாதான் சொன்னார். மாமா என்றால் அம்மாவின் கடைசித் தம்பி, இருபத்திரண்டு வயது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ஊரை விட்டு வந்து குடியேறிய பனி நாட்டில், மோர்னிங்சைட் என்ற இடத்தில் ஒரு மாடிக் கட்டடத்தின் ஒன்பதாவது தளத்தில் அவர் எங்களோடு இருந்தார். இரவில் போத்தல் மூடி செய்யும் தொழிற்சாலையில் வேலை, பகலில் நித்திரை. அப்பாவுக்கு இரண்டு வேலை என்பதால் இந்தக் கதையில் அவர் அதிகம் வரமாட்டார். வீட்டுக்கே அவர் அதிகம் வந்ததில்லை.

தொழிற்சாலையில் மாமாவோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வேலை செய்தார். விட்பிக்கு அப்பால், பற்றைகளும் வயல்களும் இருக்கும் பக்கம் அவருடைய வீடு. மனிதருக்குச் சனிக்கிழமைகளில் கடதாசி அட்டையைத் தூரத்தில் நட்டுவைத்து அதைச் சுடுவதுதான் பொழுதுபோக்கு. ஒருநாள் மாமாவையும் கூட்டிப்போனார். மாமா சுட்ட அட்டையைப் பார்த்துவிட்டுக் கிழவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தாராம். பிறகென்ன, மாமா வகுப்புக்குப் போனார், சோதனை எழுதினார், அனுமதிப்பத்திரம் எடுத்தார். கிழவர் தன் பழைய துவக்கு ஒன்றை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார். யானையை வாங்கியாயிற்று, அங்குசத்துக்குத்தான் வழியில்லை. கடையில் விற்கிற ரவைகள் மாமாவின் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகவில்லை.

அதற்கும் கிழவரே வழி சொன்னார். சுட்டபிறகு சன்னம், அதுதான் குண்டு, பறந்து போய்விடும், பித்தளைக் கோது மிஞ்சும். அதை மினுக்கி, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, திரும்ப வெடிமருந்தும் சன்னமும் வைத்தால் இன்னொரு முறை பாவிக்கலாம். அதற்கென்றே ஒரு கைப்பிடி யந்திரம் இருக்கிறது. மாமா அதை யாரோ ஒருவர் வீட்டு வாசலில் பழைய சாமான்களோடு கிடக்கக் கண்டு, துருவோடு வாங்கி, தேங்காய் எண்ணெய் பூசிப் பூசியே அசையவைத்தார். வேலை செய்ய மேசை வேண்டும் அல்லவா? எங்கள் கட்டடத்தில் யாரோ கழித்துவிட்ட பள்ளிக்கூட மேசை ஒன்றைக் கிழவரின் கராஜுக்கு ஏற்றினார். கோதுகளை நிமிர்த்தி அடுக்க முட்டைப் பெட்டிகள். அம்மா முட்டைக்காரியே ஆகிவிட்டார் என்று அப்பா பகிடி பண்ணும் அளவுக்கு அந்த நாட்களில் முட்டை பொரித்தோம்.

அம்மா ஒரு கட்டளை போட்டிருந்தார். துவக்கோ மருந்தோ எங்கள் வாசலைத் தாண்டக்கூடாது. அவை எல்லாம் விட்பியில், கிழவரின் பூட்டுக்குள் இருந்தன. வீட்டுக்கு வந்தவை வெற்றுக் கோதுகள் மட்டும். அவற்றை அம்மா தடுக்கவில்லை. ஆனால் தொட்டதும் இல்லை. கூட்டும்போது தும்புத்தடி மாமாவின் கட்டிலைச் சுற்றிப் போகும், கீழே போகாது. அம்மாவுக்கு முதுகு வலி என்று நினைத்தேன்.

கோது மினுக்கக் கிழவரிடம் மின்சாரத்தில் ஓடும் யந்திரம் இருந்தது. ஒவ்வொரு முறையும் அதைக் கேட்க மாமாவுக்கு வெட்கம். எங்கள் வீட்டில் பித்தளை மினுக்க எதைப் பாவிப்பார்கள் என்று அவருக்குத் தெரியாதா என்ன? குத்துவிளக்குக்கு என்று அம்மா வைத்திருந்த பழம்புளியைக் கரைத்துக் கோதுகளை ஊறப்போட்டார். அவை புதுப்பெண் போல் எழுந்து வந்தன. அந்தக் கிழமை முழுதும் எங்கள் வீட்டில் விளக்கும் மினுங்கவில்லை, குழம்பிலும் புளியில்லை. கிழவர் அந்தக் கோதுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, என்ன திராவகம் என்று கேட்டாராம். மாமா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஒரு சனிக்கிழமை என்னையும் விட்பிக்குக் கூட்டிப்போனார். என் காதுகளில் பெரிய காதுமூடி ஒன்றைப் பூட்டிவிட்டார்கள். உலகம் சட்டென்று தூரமாகிப் போயிற்று. பனி அரைகுறையாய்க் கரைந்த வயல். அதற்கு மேல் பால் ஆடைபோல் மூடுபனிப் புகார். எல்லாரும் வாயை அசைத்தார்கள், சத்தம் வரவில்லை. கடைசியாகச் சுட்டு முடித்து, எல்லாத் துவக்குகளையும் கீழே வைத்த பிறகு, மாமாவும் நானும் குனிந்து ஈரப் புல்லில் கோது பொறுக்கினோம். மற்றவர்கள் வேண்டாம் என்று விட்டுப்போனவையும் எங்களுக்குத்தான். பள்ளிக்கூடத்தில் ஈஸ்டர் முட்டை தேடுவதுபோல் இருந்தது. மாமா ஒவ்வொன்றையும் துடைத்து, கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பையில் போட்டார். கோடையில் அங்கே ஒரு போட்டி வரப்போகிறது. வாளி நிரம்பினால் தன் பெயரைக் கொடுப்பேன் என்று காரில் வரும்போது சொன்னார். வாளி நிரம்ப வேண்டும் என்று நானும் கும்பிட்டேன். வேறு பெரிய வேண்டுதல்கள் எனக்கு அப்போது இல்லை.

மார்ச் விடுமுறையில் வாளி நிரம்பியது. பள்ளிக்கூடம் இல்லாததால் நான் வீட்டில் நின்றேன். முந்தின இரவு வேலைக்குப் போய்வந்த மாமா போர்வைக்குள் கிடந்தார். அம்மா உலையில் அரிசி போட்டிருந்தார். எனக்குப் பொழுது போகாமல் நடைக்கூடத்தில் ஒரு காலால் தத்தித் தத்திப் போனேன். அங்கே, மின்தூக்கிப் பக்கத்துக் கதவைத் தட்டிக்கொண்டு இரண்டு பொலிஸ்காரர் நின்றார்கள். ஒரு வீடு முடிந்து அடுத்த வீடு, அது முடிந்து அடுத்தது என்று வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் வீடு கடைசி. இவ்வளவு நல்ல புதினச் செய்தியை முதலில் சொல்லும் பெருமையோடு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா அடுப்பை நிறுத்தினார். அதுவே எனக்கு அதிசயமாய் இருந்தது. உலையை இடையில் நிறுத்த அவர் யாரையும் விட்டதில்லை. நேரே போய் மாமாவின் தோளைத் தொட்டார்.

"தம்பி, வந்திட்டாங்கள்."

யார் வந்தது என்று மாமா கேட்கவில்லை. வேலைக்கு எழுப்புவதென்றால் அவரை நாலு தரம் உலுப்ப வேண்டும். அன்று கண் திறந்ததும் எழுந்தார். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தோடு, வெறுங்காலோடு, வாசலுக்கு எதிரே இருந்த படிக்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கிவிட்டார். கதவு சத்தமில்லாமல் மூடியது. அவருடைய அனுமதிப்பத்திரம் தலையணைக்குக் கீழே, பேர்ஸுக்குள் பத்திரமாய் இருந்தது.

அதுவரை தொடாத வாளியை அம்மா கட்டிலுக்குக் கீழிருந்து இழுத்தார். மேலே ஒரு ஈரத் துவாயைப் போட்டார். பக்கத்து அறையில்தான் குப்பை போடும் குழாய். திறந்து கவிழ்த்தார். ஒன்பது மாடியும் கோதுகள் ஒன்றோடொன்று மோதி இறங்கின. எங்கோ ஆழத்தில் யாரோ சதங்கை கட்டிக்கொண்டு ஓடிப்போவதுபோல் ஒரு சத்தம். அது சிறுத்துச் சிறுத்து, கடைசியில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நின்றது. அதைப்போல் அழகான சத்தத்தை நான் பிறகு கேட்டதில்லை. அம்மா திரும்பி வந்து, கையைக் கழுவி, அடுப்பை மூட்டி, என் கையில் ஒரு கதைப்புத்தகத்தைத் திணித்தார். கதவு தட்டப்பட்டது.

வந்தவர்களில் ஒருவர் இளம் பொடியன்; தொப்பியைக் கையில் வைத்திருந்தார். கீழே தரிப்பிடத்தில் யாரோ ஒரு காரின் கண்ணாடியை உடைத்துவிட்டார்களாம். ஏதாவது சத்தம் கேட்டதா என்று விசாரித்தார். நான் மொழிபெயர்த்தேன். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை என்று அம்மா சொல்லச் சொன்னார். சமையல் நன்றாக மணக்கிறது என்றார் அவர். அதையும் மொழிபெயர்த்தேன். அம்மா சிரித்தார். அவருடைய கை கதவின் பிடியை விடவேயில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அவ்வளவுதான்.

சோறு வெந்து ஆறியபிறகு மாமா வந்தார். கால்கள் சிவந்து போயிருந்தன. பின்பக்க வாசலால் வெளியேறிக் குப்பை அறைச் சுவரோடு ஒண்டிக்கொண்டு நின்றாராம். சுவருக்கு அந்தப்பக்கம் தன் கோதுகள் வந்து கொட்டுவது கேட்டதாம். அதை ஒரு பகிடி மாதிரித்தான் சொன்னார். கார்க் கண்ணாடி உடைந்த கதையை அம்மா சொன்னார். பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள்.

"எல்லாத்தையும் போட்டிட்டன்ரா," என்றார் அம்மா.

"பரவாயில்லை அக்கா. இந்த முறை நேரத்துக்குச் செய்திட்டியள்."

சண்டை வரும் என்று காத்திருந்த எனக்கு ஏமாற்றமாய் இருந்தது. வாளி போயிற்று, போட்டி போயிற்று, இவர் என்னடா என்றால் அம்மாவைப் பாராட்டுகிறார். எனக்கோ மாமாவை எப்படியாவது சந்தோசப்படுத்த வேண்டும். என்னிடம் அதற்கு வழியும் இருந்தது. வாயில் வைத்து ஊதினால் விசிலடிக்கும் என்பதற்காக ஒரு கோதை முதல்நாளே எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்திருந்தேன். அதை வெளியே எடுத்து, ஒன்று மிஞ்சியிருக்கிறது என்று உள்ளங்கையில் நீட்டினேன்.

அம்மாவின் முகம் போன போக்கை எனக்கு இப்போதும் சொல்லத் தெரியவில்லை. மாமா முழங்காலில் நின்று என் இரண்டு தோளையும் பிடித்தார்.

"அவங்கள் வந்து நிக்கேக்கை உது உன்னட்டையோ இருந்தது?"

"ஓம் மாமா. பொக்கற்றுக்குள்ளை."

அவர் அந்தக் கோதை வாங்கவில்லை. குசினி நிலத்தில் அப்படியே சரிந்திருந்து அழத் தொடங்கினார். பெரிய ஆட்கள் சத்தம் போட்டு அழுவதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அம்மா என் கையை விரித்து அதை எடுத்துக்கொண்டு வெளியே போனார். குழாயில் அது தனியாக இறங்கும் சத்தம் கேட்டது.

அந்தக் கோடைப் போட்டிக்கு மாமா போகவில்லை. துவக்கையும் யந்திரத்தையும் கிழவரிடமே விட்டுவிட்டார். கிழவர் ஏன் என்று கேட்டிருப்பார். மாமா என்ன சொன்னாரோ தெரியாது. 

இதன் மிச்சத்தை அம்மா எனக்குச் சொன்னது நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, ஒருநாள் காரில் போகும்போது. ஊரில், ஹெலிகொப்டர் சுட்டுவிட்டுப் போனால் ஒழுங்கையில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் கோது பொறுக்குவார்களாம். மாமா பால்மா வந்த தகர ரின் ஒன்று நிறையச் சேர்த்து வைத்திருந்தார். அதை எறியவேண்டும் என்று அம்மா ஒவ்வொரு நாளும் நினைத்தார். அன்றைக்கும் நினைத்தார், சோற்றை வடித்துவிட்டுப் போடுவோம் என்று இருந்துவிட்டார். வடிப்பதற்குள் ஆமி வந்துவிட்டது. ரின்னைத் தூக்கிப் பிடித்து ஆருடையது என்று கேட்டார்கள். மாமா வாயைத் திறக்க முன்னம், அவருக்கு மூத்த அண்ணன், பத்தொன்பது வயதுக்காரர், தன்னுடையது என்றார். ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை.

ரின்னின் சொந்தக்காரருக்கு அப்போது பத்து வயது. பொலிஸ்காரருக்குக் கதவு திறந்த அன்று எனக்கும் ஏறக்குறைய அதே வயதுதான்.

பிறகு எதற்காக இங்கே வந்தும் கோது சேர்த்தார் என்று கேட்டேன். "இஞ்சை வைச்சிருந்தா ஒருத்தரும் வந்து கேக்கமாட்டினம் எண்டு பாக்கத்தான் வைச்சிருந்தவன் போலை," என்றார் அம்மா. ஒருவரும் கேட்கவில்லைத்தான். நாங்கள்தான் ஓடினோம்.

அன்று எனக்கு இதொன்றும் தெரியாது. வாளி போன துக்கத்தில்தான் மாமா அழுகிறார் என்று நினைத்தேன். அவர் பக்கத்தில் குந்தியிருந்து, அம்மா எனக்குச் செய்வதுபோல் முதுகைத் தடவிக்கொண்டு ஆறுதல் சொன்னேன்.

"அழாதேங்கோ மாமா. பனி முழுக்கக் கரைஞ்சாப் பிறகு இன்னும் கனக்கப் பொறுக்கலாம். நானும் வாறன்."