இரண்டு ரொவீனாக்கள்

மேவிஸ் ஆக்டனுக்கு முதல் நாடக வேலை கிடைத்தபோது வயது பத்தொன்பது. வேலை கிடைத்த அன்றே பெயர் போய்விட்டது. நடிகர் சங்கத்தில் ஒரு பெயரில் ஒருவர்தான் இருக்கலாம். மேவிஸ் ஆக்டன் என்று அங்கே ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். கிறிஸ்துமஸ் கேளிக்கை நாடகங்களில் இருவர் சேர்ந்து போடும் குதிரை வேடத்தில் குதிரையின் பின்பாதியாக ஆடுகிறவள். குதிரையின் பின்பாதிக்குப் பெயர் என்ன என்று இங்கிலாந்தில் எவரும் கேட்டதில்லை. ஆனாலும் அவள் சங்கத்துச் சந்தாவைத் தவறாமல் கட்டிவந்தாள்.

வேறு பெயர் சொல்லச் சொல்லித் தொலைபேசியில் அவசரப்படுத்தினார்கள். மேவிஸ் நின்றிருந்த தொலைபேசிக் கூண்டின் கண்ணாடி வழியே லங்காஷயர் கடற்கரை தெரிந்தது. கவிழ்த்துப் போட்டிருந்த படகு ஒன்றில் ரொவீனா என்று எழுதியிருந்தது. எதிரே இருந்த இறைச்சிக் கடைப் பலகையில் டாரன்ட். இரண்டையும் சேர்த்துச் சொன்னார். அடுத்த ஐம்பது வருடங்கள் அவர் ரொவீனா டாரன்ட்.

கடற்கரை ஊர்க் கொட்டகைகளில் வாரத்துக்கு ஒரு புது நாடகம். காலையில் அடுத்த வாரத்துக் கோமகளின் வசனத்தை மனப்பாடம் செய்துவிட்டு, மாலையில் இந்த வாரத்து வேலைக்காரியாகக் காப்பித் தட்டை ஏந்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் க்ரூ ரயில் சந்திப்பில் நாட்டின் பாதி நடிகர்கள் வண்டி மாறக் காத்திருப்பார்கள். ஒருவரையொருவர் கன்னத்தில் முத்தமிட்டுக்கொண்டு, மற்றவரின் நாடகம் எப்படிப் படுத்தது என்று அன்போடு விசாரிப்பார்கள். பிறகு லண்டன். ஒரு கொலை நாடகத்தில் கதாநாயகிக்கு உடம்பு சரியில்லாமல் போனால் மேடையேறுவதற்காக ஐந்து வருடம் ஒப்பனை அறையில் பின்னல் போட்டபடி காத்திருந்தார். அந்த அம்மாளுக்குச் சளிகூடப் பிடிக்கவில்லை. மேவிஸ் கம்பளிச் சட்டைகளில் மட்டும் தேறினார்.

சினிமாவும் தொலைக்காட்சியும் அவரைக் கைவிடவில்லை. நர்ஸாக வந்தார், வீட்டுக்காரம்மாவாக வந்தார், திரையை விலக்கிப் பார்த்துவிட்டுப் போலீசிடம் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லும் பக்கத்து வீட்டுப் பெண்ணாக வந்தார். பாதிக்கு மேற்பட்ட படங்களில் சீக்கிரமே கொலையும் செய்யப்பட்டார். விமர்சகர்கள் இத்தனைக்கும் சேர்த்து அவருக்குக் கொடுத்தது ஒரே சொல்: ‘மற்றும்’. ‘மற்றும் ரொவீனா டாரன்ட்’ என்று கட்டுரை முடியும். மேவிஸ் அதையும் கத்தரித்து ஒட்டிவைத்தார்.

கணவர் வாய்க்கவில்லை, பிள்ளைகள் இல்லை. லண்டனின் ஸ்ட்ரெத்தமில் ஒரு மாடிக் குடியிருப்பும், அதற்கு மேல்மாடியில் க்ளெமென்ட் ஹிப்பர்ட்டும் இருந்தார்கள். க்ளெமென்ட் பிஷப் வேடமே போட்டுப் பழகியவர். ரொட்டியில் வெண்ணெய் தடவும்போதும் கை ஆசீர்வதிப்பது போலத்தான் போகும்.

மேவிஸைத் தேடி ஒரு பெண் வந்த மதியம் க்ளெமென்ட்டும் இருந்தார். இருபத்திரண்டு வயதிருக்கும். கையில் எலுமிச்சைக் கேக். வாசலிலேயே தடுமாறினாள்.

“வணக்கம், மிஸ்... மிஸ்...”

“சொல்லும்மா, பல்லு சுளுக்கிக்காது.”

“மிஸ் ரொவீனா டாரன்ட். நானும் ரொவீனா டாரன்ட்தாங்க. பொறந்ததிலிருந்தே.”

க்ளெமென்ட் கோப்பையைக் கீழே வைத்தார். “அட கடவுளே, பெருகுறாங்கப்பா.”

விஷயம் எளிது. நாடகப் பள்ளியை முடித்தவுடனேயே அவளுக்குப் பெரிய படம் ஒன்று வாய்த்திருந்தது. தன் பெயரிலேயே நடிக்க ஆசை. சங்கம் முடியாது என்றுவிட்டது. அந்தப் பெயரில் ஏற்கெனவே இருக்கிறவர் தானாக விட்டுக்கொடுத்தால் உண்டு.

“நடுவுல ஒரு எழுத்தைப் போட்டுக்கோயேன்,” என்றார் மேவிஸ்.

“போட்டுப் பார்த்தேங்க. பல் டாக்டர் மாதிரி இருக்கு.”

“நான் இன்னும் நடிச்சிட்டுத்தான் இருக்கேன். தெரியும்ல? போன மாசம்கூட...”

“போன மாசம் கழுத்தை நெரிச்சாங்க,” என்று க்ளெமென்ட் எடுத்துக்கொடுத்தார். “பிரமாதமா செத்தா.”

“நீ கேக் வெட்டு, க்ளெம்.” மேவிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இதைப் பாரும்மா. எனக்கு நெலம் நீச்சு கெடையாது, புள்ள குட்டி கெடையாது. அம்பது வருஷமா நான் சேத்தது இந்தப் பேரு ஒண்ணுதான். இதையும் குடுத்துட்டா, நான் பண்ணதெல்லாம் யாரு பண்ணது? மன்னிச்சுக்கோ. முடியாது.”

பெண் கெஞ்சவில்லை. தலையாட்டிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டாள். எழுந்தவள் ஏதோ ஆறுதலாகச் சொல்லவேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும்.

“எங்க வீட்ல உங்களை எல்லாருக்கும் தெரியுங்க. டார்செட்ல. டிவி பத்திரிகை வந்த உடனே எங்கப்பா உங்க பேரைத் தேடி வட்டம் போட்டு வெச்சிருவார்.”

மேவிஸின் முகம் மாறிற்று. ஐம்பது வருடத்தில் இப்படி ஒரு வீடு இருப்பதாக அவருக்குத் தெரியாது.

“நெஜமாவா? எதை ரொம்பப் பிடிச்சுது?”

பெண் விழித்தாள்.

“சும்மா சொல்லு.”

“படம் பாக்க மாட்டோங்க. முடியற நேரத்துக்கு அப்பா கூப்பிடுவார். அம்மா, தம்பி, நாய் உள்பட எல்லாரும் ஓடுவோம். கடைசியில பேருங்க ஓடும்ல, ரொம்ப வேகமா ஓடும். உங்க பேரு வர்றப்போ அப்பா ‘அதோ! நம்ம பொண்ணு!’ன்னு கத்துவார். நாங்க கைதட்டுவோம். அப்புறம் டிவியை அணைச்சிட்டு சாப்பிடப் போயிருவோம்.”

க்ளெமென்ட் கேக்கை மெல்லாமல் வாயிலேயே வைத்திருந்தார்.

“என் மூஞ்சி?” என்றார் மேவிஸ். “மூஞ்சி ஞாபகமிருக்கா?”

“இன்னிக்குத்தாங்க முதல் தடவையா பாக்குறேன்.”

மேவிஸுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் தொண்டையில், பிறகு தோள்களில், பிறகு அடக்கமுடியாமல். தனக்காக மொத்த இங்கிலாந்திலும் கைதட்டிய ஒரே குடும்பம், அவர் செத்து விழுந்து முடித்த பிறகுதான் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன் வந்து நின்றிருக்கிறது. கைத்தட்டலும் இந்தப் பெண்ணுக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டபோது அது எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு வேறு என்று க்ளெமென்ட்டுக்கே பிடிபடவில்லை.

“உங்கப்பா இருக்காரா?”

“இருக்காருங்க.”

“இனிமேலாவது படத்தை மொதல்லருந்து பாக்கச் சொல்லு. பேரை எடுத்துக்கோ.”

அவள் போன பிறகு க்ளெமென்ட் வெடித்தார். “உனக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சா? இப்போ உன்கிட்ட என்ன இருக்கு, மூட்டு வலியைத் தவிர?”

“அந்த வலியைக் கேட்டும் ஒருத்தி வருவா, பாரு,” என்றார் மேவிஸ்.

குதிரையின் பின்பாதி காலமாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. மேவிஸ் ஆக்டன் என்ற பெயர் கேட்பாரற்றுக் கிடந்தது. சங்கம் அதை மேவிஸுக்கே, புது உறுப்பினருக்குத் தருவதுபோல் வாழ்த்துச் சொல்லித் தந்தது.

மறு வருடம் பேட்டர்சியில், ஒரு மதுக்கடையின் மாடியில் இயங்கும் சிறு அரங்கத்தில், ஓய்வுபெற்ற பெண் நீதிபதியின் வேடத்துக்கு ஆள் தேடினார்கள். இரண்டு மணி நேரம் மேடையை விட்டு இறங்காத வேடம். அறியாத பெயராயிருந்தால் நல்லது என்று நினைத்தவர்களுக்கு மேவிஸ் ஆக்டனைவிட அறியாத பெயர் கிடைத்திருக்காது. நிகழ்ச்சித் தாளில் போட முந்தைய அனுபவத்தைக் கேட்டபோது, “இந்தப் பேர்ல ஒண்ணும் இல்லப்பா,” என்றார். அது உண்மைதான்.

முதல் காட்சிக்கு மறுநாள் க்ளெமென்ட் பத்திரிகையோடு மூச்சுவாங்க மாடியிறங்கி வந்தார்.

“கேளு! ‘எழுபது வயதில் முதன்முறையாக மேடையேறும் மேவிஸ் ஆக்டன் ஒரு கண்டுபிடிப்பு. தொழில்முறைப் பயிற்சி கெடுத்துவிடாத இயல்பு...’ கெடுத்துவிடாத! அம்பது வருஷம், ரொவீனா! இப்பவே போன் பண்ணி அந்த முட்டாளைத் திருத்தறேன்.”

“தொட்டா கையை ஒடிப்பேன். மறுபடியும் படி. ‘கண்டுபிடிப்பு’லருந்து.”

அவர் படித்தார். மேவிஸ் அதை இன்னும் இரண்டு முறை படிக்க வைத்தார்.

அந்தப் புதுமுக வாழ்க்கை மூன்று வருடம் ஓடியது. நான்கு நாடகங்கள், எல்லாவற்றிலும் பெயர் முதல் வரியில். ஒரு பிப்ரவரியில் நிமோனியாவில் போய்விட்டார். பத்திரிகையின் மரணச் செய்தி அவருடைய கலை வாழ்க்கையை மூன்று ஆண்டுகள் என்று குறிப்பிட்டு, இன்னும் இளமையில் தொடங்கியிருந்தால் எவ்வளவு சாதித்திருப்பார் என்று வருத்தப்பட்டது.

இம்முறை க்ளெமென்ட்டைத் தடுக்க ஆளில்லை. போன் செய்தார். மேவிஸ் ஐம்பது வருடம் நடித்தவர் என்றும், ரொவீனா டாரன்ட் என்ற பெயரில் நடித்தவர் என்றும் சொன்னார்.

மறுமுனையில் ஒரு இளைஞன் பணிவாகக் கேட்டான். “சார், ரொவீனா டாரன்ட் உயிரோடதானே இருக்காங்க? போன ஞாயித்துக்கிழமைகூட எங்க பேப்பர்ல பேட்டி வந்துச்சே?”

அந்த இளைஞன் இரண்டு முறை “சார்?” என்றான்.

“ஆமா தம்பி,” என்றார் க்ளெமென்ட். “நல்லாத்தான் இருக்கா.”

போனை வைத்துவிட்டார்.