மழை கேட்கவில்லை, ஆள் கேட்டேன்

என் பிள்ளைகளே, சபைப் பிள்ளைகளே, இது உங்களுக்காக எழுதுவது.

எண்பத்து மூன்றாம் வருடம், மார்ச் மாதம். மழை நின்று பல வாரம் ஆகியிருந்தது. மலேசியாவில், குவாலா சிலாங்கூர் பக்கம் எங்கள் தென்னந்தோட்டத்துக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தோட்டத் தொழிலாளர்கள் நாங்கள் குடியிருந்த லயத்துக்கு இருந்தது ஒரே கிணறு. அந்த நேரம் பார்த்துப் பௌர்ணமிக் கடல் ஏறித் தோட்டத்து மண்கரையை உடைத்தது. உப்புத் தண்ணீர் வாய்க்கால் வழியே லயம் வரைக்கும் வந்துவிட்டது. கிணறு லேசாகக் கரித்தது. இன்னொரு முறை ஏறினால் கிணறு போச்சு. கிணறு போனால் லயமே காலி.

முன்பெல்லாம் கடலைத் தடுத்து நின்றது பாக்காவ் காடு, சேற்றில் வேரூன்றி நிற்கும் மரங்கள். யாரோ ஒரு பணக்காரர் இறால் குளம் வெட்ட அதை மொட்டையடித்துவிட்டார். கேட்க நாதியில்லை. கரையை அடைக்க டிராக்டர் கேட்டு ஆபீசுக்குப் போனோம். கணக்கு எழுதுகிற கிராணி தலையைக்கூடத் தூக்கவில்லை.

"துரை எண்ணெய்ப்பனை போடப் போறாரு. தென்னை செத்தா அவருக்கு வேலை மிச்சம். ஒங்க கெணத்துக்கெல்லாம் டிராக்டர் வராது."

அன்று மாலை ஜெபக்கூட்டத்தில் மூப்பர் சாமுவேல் அண்ணன், இது நம் பாவத்துக்கு வந்த தண்டனை என்றார். அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

"என்னண்ணே பாவம்? காட்ட வெட்டுனது நாமளா? வெட்டுனவன் வீட்டுல நல்ல தண்ணி வருது. எம் பொண்டாட்டி கைப்புள்ளைக்குக் கஞ்சி காய்ச்ச உப்புத் தண்ணி மொள்ளுறா. பழிய ஆண்டவர் மேல போடாதீங்க!"

"தம்பி, கோவத்தோட ஜெபிக்கக் கூடாதுப்பா."

"அப்ப நான் எப்பத்தாண்ணே ஜெபிக்கிறது?"

சிலர் சிரித்துவிட்டார்கள். நான் நேரே போய் உடைந்த கரையில் முட்டி போட்டேன். கண்ணீரைவிடக் கோபம்தான் அதிகம். எல்லாரும் மழை கேட்டார்கள். நான் கேட்கவில்லை. "ஆண்டவரே, இதைச் செய்தது நீர் இல்லையென்று எனக்குத் தெரியும். எனக்கு ஆள் கொடும்" என்றேன்.

மறுநாள் காலை கரைக்கு முதலில் வந்தவர் யார் தெரியுமா? சாமுவேல் அண்ணன். தோளில் மண்வெட்டி.

"நேத்து நீ கேட்ட கேள்விதாண்டா காதுலயே நிக்குது. எங்க வெட்டணும், சொல்லு" என்றார்.

பின்னாலேயே லயத்துச் சனம், மாரியம்மன் கோயில்காரர்களும் சேர்ந்து, பழைய உரச்சாக்குகளோடு வந்தது. மதியம் பாசிர் பெனம்பாங்கிலிருந்து ஆ செங் படகில் வந்தார். லயத்தில் மீன் விற்கிற சீனர்; முதலாளி என்று மரியாதையாக 'தவுக்கே' என்போம். படகு நிறைய நிபோங் மரக் கம்புகள். மீனவர்கள் தங்கள் துறையில் ஊன்றுவது.

"தவுக்கே, ஒங்கள யாரு கூப்பிட்டது?" என்றேன்.

"நீங்க எல்லாம் போயிட்டா எம் மீனு யாரு வாங்குவா லா? பேசாத, புடி!"

கம்பு அடித்தோம். சாக்கில் களிமண் அடைத்து அடுக்கினோம். அமாவாசைக் கடல் ஏறி வந்தது. கரை நனைந்தது, உடையவில்லை. அங்கேயே நின்று அழுதேன். ஏப்ரலில் மழையும் பெய்தது. கிணறு தெளிந்தது. கேட்காததையும் தந்தார்.

அதற்குப் பிறகு நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டி ஆமென் சொல்வதில்லை. வருடா வருடம் கரைக்கு வெளியே பாக்காவ் கன்று நடுகிறோம். ஆபீசில் போய்க் கேள்வியும் கேட்கிறோம்.

பிள்ளைகளே, கஷ்டம் வந்தால் ஆண்டவரிடம் போங்கள். கோபமாக இருந்தால் கோபமாகவே போங்கள். நல்ல பிள்ளை வேஷம் அவருக்குத் தேவையில்லை. எங்கள் கரையை உடைத்தது அவர் இல்லை. அதை அடைக்க எங்களோடு சேற்றில் நின்றவர் அவர்.