எண்ட்டனே கிராஸ்

காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குப் பேருந்தின் ஜன்னல் வழியாக நான் முதலில் பார்த்தது ஒரு கிலோமீட்டர் கல். மஞ்சள் பூசிய வளைந்த தலை, வெள்ளை உடம்பு, தலையில் கறுப்பு மையில் ஏழு என்ற நெடுஞ்சாலை எண், அதன் கீழே பெங்களூருக்கு இன்னும் நாற்பத்தொரு கிலோமீட்டர். ஜன்னல் இடுக்கில் புகுந்த காற்று எங்கள் ஊரில் மார்கழியில்கூட அடிக்காத குளிராக இருந்தது. அது ஜூன் மாதம். எனக்கு ஒன்பது வயது.

எங்கள் ஊர் கயத்தாறு பக்கம், அதே நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் ஃபிட்டராக முன்பே சேர்ந்து, அறை எடுத்துத் தங்கியிருந்த அப்பா, வீடு பார்த்துவிட்டு எங்களைக் கூட்டிப்போக வந்திருந்தார். கல்லைப் பார்த்ததும் என் தோளைத் தட்டி, "பாத்தியா பாப்பா, ஏழு. நம்ம ஊரு ரோட்டுலயும் இதே ஏழுதான். இங்கேருந்து தெக்க பாத்து நேரா நடந்தா நம்ம ஊரு வந்துரும், எங்கயும் திரும்ப வேண்டாம்" என்றார். அம்மா முக்காட்டை விலக்காமலே, "நடக்கதுக்கா இம்புட்டுத் தூரம் கூட்டிட்டு வந்திய?" என்று கேட்டாள்.

அவர் பார்த்து வைத்திருந்த வீடு, கேழ்வரகு விளைந்த நிலத்தை மனை போட்டு விற்ற ஒரு லேஅவுட்டில் எட்டாவது குறுக்குத் தெருவில் பதினான்காம் எண். அங்கே யாரும் தெரு என்று சொல்ல மாட்டார்கள். நீளவாக்கில் போவது "மெயின்", குறுக்கே போவது "கிராஸ்". மொத்தம் ஒன்பது கிராஸ்கள் இருந்தன, முதலாவதிலும் ஒன்பதாவதிலும் மட்டும் எண் எழுதிய கல் நட்டிருந்தார்கள், நடுவில் இருந்ததையெல்லாம் வருகிறவர்கள்தான் எண்ணிக்கொள்ள வேண்டும். மேலத் தெரு, கீழத் தெரு, தச்சர் தெரு என்று சொல்லிப் பழகிய அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "தெருவுக்கு ஒரு பேரு கிடையாதா? செயிலுக்குள்ள போட்ட மாதிரில்லா நம்பரு போட்டு வச்சிருக்கானுவ" என்றாள்.

வீட்டுக்காரர் லட்சுமம்மா, அந்த நிலத்துக்குச் சொந்தக்காரக் குடும்பத்தைச் சேர்ந்தவர். வீட்டில் கன்னடம், காய்கறிக்காரரிடம் தெலுங்கு, எங்களிடம் தமிழ் என்று ஒரே மூச்சில் மூன்றும் பேசுவார். எங்கள் கிராஸை அவர் எட்டாவது என்று சொல்லி நான் கேட்டதில்லை. "கெணத்து மோடு" என்பார், முன்பு அங்கே கிணறு இருந்ததாம். குடியேறிய முதல் வாரத்தில் அம்மா தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்து அவருடைய கிண்ணத்தில் ஊற்றியபோது லட்சுமம்மா கையை நீட்டி, "சாக்கு, சாக்கு" என்றார். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய், கட்டிலுக்கு அடியில் கிடந்த அரிசிச் சாக்கை உதறி எடுத்துக்கொண்டு வந்து, "இது போதுமாக்கா?" என்று கேட்டாள். லட்சுமம்மா கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுச் சிரித்தார். "ஐயோ, சாக்கு அந்த்ரெ போதும்னு அர்த்தம்மா! கோணிப்பை எனக்கு எதுக்கு?" அம்மாவும் சிரித்தாள். ஓசூருக்கு வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பள்ளிக்கூடத்தில் நிலைமை வேறு. நான் "அங்கன", "வாரேன்", "சொல்லுதாவ" என்று வாயைத் திறந்தால் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்ட நாலு பேர் காத்திருந்தார்கள், இரண்டாவது நாளே எனக்கு "அல்வா" என்று பெயர் வைத்துவிட்டார்கள். கன்னடத்தில் ஏதாவது கேட்டு, நான் விழிப்பதைப் பார்த்து, "அல்வாவுக்கு ஒண்ணும் தெரியாது, உட்டுடுங்கடா" என்பார்கள். வீட்டில் வந்து சொன்னபோது அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமல் சொன்னாள்: "தெரியாதுன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லாதட்டி. தெரியாதுன்னு சொன்னாத்தான் வெளியூருன்னு கண்டுபிடிச்சிருவாவ." அவளும் அதையே கடைப்பிடித்தாள் என்று நினைக்கிறேன். தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்லாமல் இருக்கச் சிறந்த வழியாக, வெளியே பேசுவதையே குறைத்துக்கொண்டாள்.

நான் வேறு வழியில் போனேன். லட்சுமம்மா பேசுவதைக் கேட்டு, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் சொற்களை எழுதத் தொடங்கினேன். பால் என்பது ஹாலு, பூ என்பது ஹூவு, பல் என்பது ஹல்லு, பத்து என்பது ஹத்து. இரண்டு வாரத்தில் எனக்கு ஒரு விதி கிடைத்துவிட்டது: கன்னடம் என்பது தமிழேதான், முதல் எழுத்து மட்டும் காற்றில் போய்விடும். அந்த விதியை நான் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அது எனக்குப் பெரிய பலமாக இருந்தது.

அந்த வருடம் ஆடி மாதம் அப்பாவின் தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் ஆட்களில் சிலரைப் பர்மனென்ட் ஆக்கப்போவதாகப் பேச்சு வந்தது. பர்மனென்ட் ஆனவர்களுக்குச் சட்டையின் நிறம் வேறு, கேன்டீனில் வரிசை வேறு, காலையில் அவர்களை ஏற்றிக்கொள்ளக் கம்பெனி பஸ் முதல் மெயினுக்கே வரும். அப்பா சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். தெற்கத்தி ஆட்களைப் பற்றி அலுவலகத்தில் ஒரு தயக்கம் இருந்தது. "பொங்கலுக்கு ஊருக்குப் போனானுங்கன்னா ஆடி பொறந்தாலும் திரும்ப மாட்டானுங்க" என்று சூப்பர்வைசர் முகத்துக்கு நேராகவே சொல்வாராம். அதனால் விண்ணப்பித்தவர்கள் குடும்பத்தோடு இங்கேயே குடியிருக்கிறார்களா என்று வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் பெயரைச் சேர்ப்பார்கள். "எப்ப வருவாவன்னு தெரியாது. வந்தா உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு, இங்கயேதான் இருப்போம், பிள்ளை இங்கதான் படிக்குன்னு சொல்லணும். இது கிடைச்சிட்டா நமக்கு வேற கவலை இல்லை" என்று அப்பா அம்மாவிடம் மூன்று தடவை சொன்னார்.

அம்மா தயாரானாள். சுவரில் காலண்டர் மாட்டினாள், என் பள்ளிக்கூடப் பையைக் கதவுக்கு நேரே ஆணியில் தொங்கவிட்டாள். காலையில் அப்பா போனதும் கத்தரிப்பூ நிறச் சேலையை உடுத்திக்கொண்டு, காப்பிக்கு இரண்டு எவர்சில்வர் தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் அவள் தனியாக, "இங்கயேதான் இருப்போமுங்க, இங்கயேதான் இருப்போம் சார்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. இப்படி ஆறு நாள் போனது.

ஏழாவது நாள் சனிக்கிழமை. பதினொரு மணி இருக்கும். முதல் கிராஸ் முனையில் இருந்த மளிகைக்கடையில் நான் புளி வாங்கிக்கொண்டு நின்றேன். பைக்கில் வந்த ஒருவர், தோளில் ரெக்சின் பை, காலை ஊன்றி நிறுத்தி என்னைப் பார்த்துக் கேட்டார்.

"பாப்பா, எண்ட்டனே கிராஸ் எல்லி பருத்தே?"

எல்லி என்றால் எங்கே, அல்லி என்றால் அங்கே. அது எனக்குத் தெரியும். எண்ட்டு என்ற சொல்லை அதற்கு முன் கேட்டதில்லை. ஆனால் என்னிடம் விதி இருந்தது. முதல் எழுத்து போய்விட்ட ரெண்டு. கடைக்காரர் உள்ளே எடை போட்டுக்கொண்டிருந்தார், அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. கடையைத் தாண்டி அடுத்த தெருவைக் கையால் காட்டி, "அல்லி" என்றேன். அவர் சிரித்து, "ஜாணே" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். ஜாணே என்றால் கெட்டிக்காரி என்பதை நான் பின்னால் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா கத்தரிப்பூச் சேலையில் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"எம்மா, ஒரு ஆளு கன்னடத்துல வழி கேட்டாவ. நான் சொல்லிட்டேன்."

"நெசமாவாட்டி? என்ன கேட்டாவ?"

"எண்ட்டனே கிராஸுன்னாவ. ரெண்டாவதுன்னு கையக் காட்டிட்டேன்."

அம்மா என் கையிலிருந்த புளியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, என் முகத்தை ஒரு கையால் துடைத்தாள். "பொழைச்சுக்கிடுவட்டி நீ" என்றாள்.

அடுத்த வாரம் ஒருநாள் சாயங்காலம் அப்பா வந்து, கைகால் கழுவாமல் பாயில் உட்கார்ந்தார். அம்மா தட்டு வைத்துச் சோறு போட்டாள். அவர் பிசைந்துகொண்டே சொன்னார், கோபமாகச் சொல்லவில்லை, பஸ் தாமதமானதைச் சொல்வது போலச் சொன்னார்.

"லிஸ்டு ஒட்டிட்டான். நம்ம பேரு இல்ல. ஆபீசுல போயிக் கேட்டா, முகவரியில் ஆள் இல்லைன்னு எழுதியிருக்கு. வந்த ஆளையே பிடிச்சுக் கேட்டேன். 'பதினாலாம் நம்பருல கேட்டேன், அப்படி யாருமே இல்லைன்னுட்டாங்க'ங்கான். எந்தத் தெருவுலவேன்னு கேட்டா, கடைக்கு அடுத்த தெருங்கான். அது ரெண்டாவது கிராஸுல்லா? எண்ட்டு கேட்டதுக்கு வழியில ஒரு பிள்ளை அந்தப் பக்கம் கையக் காட்டிச்சாம்."

அம்மாவின் கையில் குழம்புக் கரண்டி இருந்தது. அது தட்டுக்கு மேலே சிறிது நேரம் நின்றது. பிறகு ஊற்றினாள்.

"எந்தப் பிள்ளையோ. சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும். ஆறிப்போவுது, சாப்பிடுங்க."

அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் என் தட்டில் இருந்ததைத் தின்று முடித்தேன், தட்டைக் கழுவி வைத்தேன், வீட்டுப்பாடம் எழுதினேன். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் லட்சுமம்மாவிடம் போய்க் கன்னடத்தில் எண்ணிக் காட்டச் சொன்னேன். அவர் விரல்களை மடக்கி எண்ணினார். ஒந்து, எரடு, மூறு, நால்க்கு, ஐது, ஆறு, ஏளு, எண்ட்டு. எட்டாவது விரலில் நான் எழுந்துவிட்டேன். "இன்னும் ரெண்டு இருக்கே கண்ணு" என்றார். அழுகை வந்ததா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்தேன், அவ்வளவுதான்.

அப்பா ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை அலுவலகம் போனார். பட்டியல் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது, அடுத்த பட்டியலில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த பட்டியல் வந்தபோது அவருக்கு வயது வரம்பு தாண்டியிருந்தது. கம்பெனி பஸ் முதல் மெயினில் நிற்கும், அப்பா அதன் பக்கவாட்டில் சைக்கிளில் போவார், உள்ளே இருக்கும் யாராவது கையசைத்தால் இவரும் அசைப்பார். கத்தரிப்பூச் சேலையை அம்மா மடித்து டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

அம்மாவும் நானும் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. ஒரு மாற்றம் மட்டும் இருந்தது. அதன் பிறகு யாராவது தெருவில் என்னிடம் வழி கேட்டால், அம்மா வாசலிலிருந்து குரல் கொடுப்பாள்: "கையக் காட்டாதட்டி. கூடப் போயி வீட்டுல விட்டுட்டு வா." மழையில்கூட அப்படி நான் ஆட்களைக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். சிலர் இது என்ன பழக்கம் என்று விநோதமாகப் பார்ப்பார்கள்.

இப்போது அந்த நெடுஞ்சாலைக்கு எண் நாற்பத்து நான்கு. ஏழு எழுதிய மஞ்சள் கற்கள் சாலையை அகலப்படுத்தியபோது போயின, தலைக்கு மேலே பச்சைப் பலகைகள் தொங்குகின்றன. கயத்தாறு வரைக்கும் நாற்பத்து நான்குதான், இன்றும் எங்கேயும் திரும்ப வேண்டியதில்லை. ஒன்பது கிராஸ்களுக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். லட்சுமம்மா இல்லை, கெணத்து மோடு என்று சொல்ல அவர் வீட்டிலேயே ஆள் இல்லை. அவருடைய மாடிப் போர்ஷன்களில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் இருக்கிறார்கள், வழி கேட்கிறவர்கள் எட்டாவதை இந்தியில் "ஆட்வா கிராஸ்" என்று கேட்கிறார்கள். அம்மா அங்கன என்று சொல்லிக் கேட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. நான் அவள் தட்டில் இன்னொரு கரண்டி போடப் போனால் கையைக் குறுக்கே நீட்டி "சாக்கு" என்கிறாள்.

அப்பா ஒரே தொழிற்சாலையில், மாறி மாறி வந்த ஐந்து காண்ட்ராக்டர்களுக்குக் கீழே, அறுபது வயது வரை வேலை பார்த்தார். கடைசி காண்ட்ராக்டர் அனுப்பிய பணிச் சான்றிதழ் போன மாதம் கூரியரில் வந்தது. கொண்டுவந்த பையன் முதல் கிராஸ் முனையிலிருந்து போன் செய்து இந்தியில் ஏதோ கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். பத்து நிமிடத்தில் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு உறையைப் பிரித்தார். பணியின் தன்மை என்ற இடத்தில் தற்காலிகம் என்று இருந்தது. முகவரி சரியாக இருந்தது: எண் பதினான்கு, எட்டாவது கிராஸ்.