ஹில்டா கடித்த கேக்

மூன்றாம் படப்பிடிப்புத் தளத்தின் பின்சுவரோரம் ஹில்டா பென்ஃபோல்ட் நடக்கிறார். முப்பத்திரண்டு அடி போக, முப்பத்திரண்டு அடி வர. வேடம் போட்டுவிட்டால் உட்கார மாட்டார். "உக்காந்தா பாவாடை கசங்கும். கசங்கினா வேற ஆளைப் போட்டுடுவாங்க" என்பார். நடந்தபடியே கையுறையைக் கழற்றுவார், மாட்டுவார், மறுபடி கழற்றுவார். கைப்பையில் மூன்று மூக்குக்கண்ணாடிகள்: தாதி, தபால் நிலையக்காரி, விடுதிக்காரி. வேடத்துக்கு ஒன்று; மூன்றிலும் பவர் இல்லாத வெறும் கண்ணாடிதான்.

பத்தொன்பது ஆண்டுகளில் நாற்பத்தொரு படங்கள். பதினேழில் கதவைத் திறந்தார். பன்னிரண்டில் தேநீர் கொண்டுவந்தார். மற்றவற்றில் கூட்டத்தில் நின்றார். அவர் முகம் மட்டும் திரையை நிறைத்த காட்சி இதுவரை ஒன்றுமில்லை.

1952 மார்ச் 14, வெள்ளிக்கிழமை. அன்று எடுத்த காட்சியில், விடுதியில் தங்கியிருந்தவன் இறந்துவிட்டான் என்று துப்பறிபவர் வந்து சொல்கிறார். விடுதிக்காரி ஹில்டாவுக்கு ஒரே வசனம்: "வாடகை கூட பாக்கி வைக்கலியே." அதைச் சொல்லுமுன், தானாகவே கை நீட்டி, தட்டிலிருந்த கேக்கை எடுத்து நன்றாக ஒரு கடி கடித்தார்.

இயக்குநர் கேரூ துள்ளிக் குதித்தார். "அதான்! சாவுச் சேதி கேட்டும் வாய் மெல்லுது பாரு! கேமராவை அவங்க முகத்துக்கிட்ட கொண்டு போங்கய்யா!"

மணி ஐந்து பத்து. ஐந்து ஐம்பதுக்கு வேலை முடியும். திங்கட்கிழமை அந்த அரங்கைப் பிரித்துவிடுவார்கள்.

அரங்கப் பொருட்களைக் கவனிக்கும் ஆல்ஃப் டிக்னர் வெளிறிப்போய் ஓடிவந்து ஹில்டாவின் காதோரம் குனிந்தார். சர்க்கரை ரேஷனில் வரும் காலம். மேசையில் வைத்த கேக் பதினோரு மணித் தேநீர் வரைகூடத் தங்காது; தளத்து ஆட்களே தின்றுவிடுவார்கள். அதனால் காலையிலேயே அதில் மண்ணெண்ணெய் தெளித்துவிடுவார். சாப்பிடும் காட்சி என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"துப்பும்மா, துப்பு! அதுல மண்ணெண்ணெய்!"

"தெரியுது. எனக்கும் நாக்கு இருக்கு."

"நான் போய்ச் சொல்லிடறேன். வேற கேக் வாங்கியாரேன்."

"இந்நேரத்துக்கு எந்தக் கடைய்யா? நீ வர்றதுக்குள்ள கேமரா ஹீரோ மூஞ்சிக்கே போயிடும். வாயை மூடிக்க."

கேமரா ஹில்டாவை நெருங்கியது. முதல் தடவை மேலே விமானம் போனது. இரண்டாவது தடவை விளக்கு அணைந்தது. மூன்றாவதில், துப்பறிபவராக நடித்த கதாநாயகர் மூக்கைச் சுளித்தார்: "இங்க என்ன இந்த நாத்தம்?"

"விளக்கு சூடாயிருக்கும் சார்" என்றார் ஹில்டா.

ஒவ்வொரு தடவையும் கேக்கைக் கன்னத்தில் ஒதுக்கி வசனம் சொன்னார்; பிறகு திரும்பிக் கைக்குட்டையில் துப்பினார். நிற்கும்போதும் மேசைக்கடியில் கால் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. ஆறாவது தடவை, ஐந்து நாற்பத்து மூன்றுக்கு, "போதும், நல்லா வந்திருக்கு" என்றார் கேரூ.

காட்சித் தொடர்ச்சியைக் குறித்துவைக்கும் ஈனிட் லாம்ப் குறிப்பேட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "முதல்ல எடுத்ததோட ஒட்டாது சார். அதுல பாதித் துண்டைக் கடிச்சாங்க. இதுல ஓரத்தைத்தான் கொறிச்சிருக்காங்க."

கேரூ கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ஒண்ணுக்குத்தான் நேரம் இருக்கு. முடியுமா, மிஸ் பென்ஃபோல்ட்? இல்லன்னா விட்டுடலாம்."

பாதித் துண்டு கன்னத்தில் ஒதுங்காது; விழுங்கினால்தான் வசனம் சொல்ல முடியும். அது ஆல்ஃபுக்கும் தெரியும். "வேணாம்மா" என்றார் மெதுவாக.

மேசைக்கடியில் கால் நின்றது. ஹில்டா கைக்குட்டையை ஆல்ஃபிடம் கொடுத்துவிட்டு, தட்டில் இருந்ததிலேயே பெரிய துண்டை எடுத்தார்.