தங்கச்சிட குசினிக்குக் கீழ எங்கட குழி

மாரி மழை பிடிச்சு எங்கட கக்கூசு நிறைஞ்சு மேல வந்த நாளையில இருந்து என்ட புருஷன் தண்ணி குடிக்கிறத விட்டுட்டார். குடிக்க மாட்டன் எண்டு வாய் திறந்து சொல்லல்ல. கோப்பையக் கிட்டக் கொண்டு போனா உதட்டை மட்டும் நனைச்சிட்டு, "பிறகு புள்ள" எண்டுவார். சோத்த விரலால கிளறிப்போட்டு, "பசிக்கல்ல" எண்டுவார். எனக்கு விளங்காமலா? உள்ளுக்குப் போனாத்தானே வெளியில வரும் எண்டு கணக்குப் பார்க்கிறார் மனிசன்.

பாரிசவாதம் வந்து இடது கையும் காலும் வேலை செய்யாமப் போன பிறகு இவருக்கு மிச்சமிருந்த ஒரே ரோஷம் அந்தக் கக்கூசுதான். என்ட தோளைப் பிடிச்சு, காலை இழுத்து இழுத்துப் போய்க் கொமட்டில இருந்தார் எண்டா உடனே கதவைச் சாத்தச் சொல்லுவார். கழுவிறதும் அவரேதான். நஜீஸ், அசுத்தம் பட்டாத் தொழ ஏலாதெண்டு அதில அவ்வளவு பேணுதல். கக்கூசு நிறைஞ்ச அன்றைக்கு நான் வாளி வெச்சன். ஒரு தரம் இருந்தார். அதை நான் தூக்கிக்கொண்டு போகக்க அவர்ட கண்ணால தண்ணி ஓடிச்சு. அதுக்குப் பிறகு வாளியக் கிட்டக் கொண்டு வரவும் விடல்ல.

கிளினிக்கில டொக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னவர், இவர் தண்ணி குடிக்காம இருக்கக் கூடாதெண்டு. போத்தல்ல பிடிக்கிற கொஞ்ச மூத்திரமும் தேத்தண்ணி நிறத்தில வருது. எனக்கு விசர் பிடிக்காத குறை. அவருக்குப் பக்கத்தில இருந்துகொண்டே போன்ல தேடினன், இந்தக் குழி எப்படித்தான் வேலை செய்யுதெண்டு. தண்ணி ஊத்தினாப் போகும் எண்டதுக்கு மேல இவ்வளவு காலமும் எனக்கென்ன தெரியும்?

படத்தில அழகாக் காட்டினாங்க. அடியும் சுவரும் சீமெந்தால பூசின தொட்டியாம். கனமானது அடியில மண்டியாப் படியும், எண்ணெய்ப்பசை மேல மிதக்கும், நடுவில தெளிஞ்ச தண்ணி மட்டும் குழாயால அடுத்த குழிக்குப் போய் மண்ணுக்குள்ள ஊறும். மண்டியக் கிருமி தின்னும். தின்னது போக மிச்சத்தைச் சில வருஷத்துக்கு ஒருக்காப் பவுசர் வண்டி வந்து உறிஞ்சோணும். அதுக்கு மூடி கையெட்டுற இடத்தில இருக்கோணுமாம். அதோட போனைக் கவிழ்த்து வெச்சிட்டன். எங்கட மூடி எங்க இருக்கெண்டு எனக்குத் தெரியும்தானே. தங்கச்சிட குசினிக்குக் கீழ.

எங்கட ஊர்ல வீடு குடுத்துத்தான் பொம்புளப் பிள்ளைக்குக் கலியாணம். வாப்பா வளவில முன்பக்கம் எனக்குக் கட்டித் தந்தார். தங்கச்சிக்கு முடிச்சுக் குடுக்கக்க மிச்சமிருந்தது பின்பக்கம் மட்டும்தான், அங்கதான் குழி. குழிக்கு மேல அவட குசினி எழும்பிச்சு. அவட கக்கூசுக் குழாயையும் அதே குழிக்குள்ள விட்டாச்சு. சாண் மண்ணை வீணாக்க மனசு வராத சனம் நாங்க. இந்த ஒழுங்கையில எத்தனை ராத்தாட குழி எத்தனை தங்கச்சிட அடுப்படிக்குக் கீழ கிடக்கோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

தங்கச்சிட கக்கூசும் நின்டு போச்சு. அவவும் மகளும் வெள்ளத்துக்குள்ளால அடுத்த ஒழுங்கைக்குப் போய்ச் சமாளிக்கிறாங்க. இவரால ஏலுமா? அதோட அந்த மகளுக்கு இப்பத்தான் கலியாணம் பேசியிருக்கு. அந்த வீடுதான் மகளுக்கு. தங்கச்சிட புருஷன் கட்டார்ல வெயிலில நின்டு உழைச்சு, குசினிக்கு வெள்ளை டைல்ஸ் பதிச்சு ஈரம் காயல்ல. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வாறாங்க.

"உடைக்கோணும்" எண்டன் நான்.

"என்ன ராத்தா கதைக்கிறீங்க? வெள்ளிக்கிழமை போகட்டும். பிறகு முழு வீட்டையும் உடைங்க."

"அதுவரைக்கும் அவர் தாங்க மாட்டார்."

"மச்சானுக்கு வாளி வெச்சா என்ன?"

"உனக்கு வெச்சாத் தெரியும்" எண்டு போட்டுத் திரும்பி வந்திட்டன். அவவில பிழையில்ல. ஆனா அந்த நேரம் எனக்கு ஆர்ட நியாயமும் கண்ணுக்குத் தெரியல்ல. எரிஞ்சுகொண்டு வந்திச்சு.

அடுத்த நாள் காலையில மச்சானுக்கெண்டு கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்தா. அறை வாசல்ல நின்டு பார்த்தா. இவர்ட உதடு வெடிச்சுக் கிடக்கு. நாக்குத் தடிச்சுப் போய் கதை கொழகொழக்குது.

"குடிங்க மச்சான்" எண்டா.

"உங்கட குசினிய உடைக்க விடாதீங்க புள்ள" எண்டார் இவர். நாங்க கதைச்சதெல்லாம் காதில விழுந்திருக்கு.

தங்கச்சி கஞ்சிக் கோப்பைய என்ட கையில தந்திட்டுப் போனா. கொஞ்ச நேரத்தில சுவருக்கு அங்கால 'ணங்' எண்டு கேட்டிச்சு. திரும்பவும் ஒரு 'ணங்'. ஓடிப்போய்ப் பார்த்தா, உடுப்பை இடுப்பில சொருகிக்கொண்டு அவவே அலவாங்குக் கம்பியால இடிக்கிறா. வெள்ளை டைல்ஸ் துண்டு துண்டாப் பறக்குது. நான் கையைப் பிடிச்சன். "விடுங்க ராத்தா" எண்டா. அழுதுகொண்டுதான் இடிச்சா.

பிறகு மேசன் வந்து மூடியத் தூக்கினார். பவுசர் ஒழுங்கைக்குள்ள வர ஏலாம ரோட்டில நின்டிச்சு. குழாயத் தங்கச்சிட முன் கதவால, ஹோலால, குசினி வரைக்கும் இழுத்தாங்க. நாத்தம் வீட்டுச் சுவரில ஒட்டின மாதிரி நின்டிச்சு. உறிஞ்சி முடிய எங்கட கொமட்டில நின்ட தண்ணி கடகடவெண்டு இறங்கிச்சு. ஒரு வாளி ஊத்தினன், போச்சு. இன்னொரு வாளி, அதுவும் போச்சு. அல்ஹம்துலில்லாஹ் எண்டு அந்த ஈரத்திலயே குந்திட்டன்.

இவரிட்டப் போய், "போகுது. ரெண்டு தரம் ஊத்திப் பார்த்தன்" எண்டன்.

என்ட முகத்தையே பார்த்தார். நான் பொய் சொல்றனோ எண்டு பார்த்தார் போல.

"தண்ணி தா" எண்டார்.

குடிச்சார். திரும்பவும் கேட்டுக் குடிச்சார். ஆறிப்போன கஞ்சிய மிச்சம் வைக்காமக் குடிச்சார். பகலைக்குச் சோறும் மீனாணமும் குழைச்சு ஊட்டினன். "உறைப்புக் காணாது" எண்டு எனக்குக் குறை சொன்னார். அந்தக் குறையக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்திச்சு.

அஸருக்குப் பாங்கு சொல்லக்க தங்கச்சி கூப்பிட்டா. "ராத்தா, இஞ்ச ஒருக்கா வாங்க."

குழிக்குள்ள டோர்ச் அடிச்சுக் காட்டினா. எங்கட குழாய் வந்து விழுற வாய்க்கு மேல தண்ணி. எங்கட ரெண்டு வீட்டிலயும் அவ்வளவு தண்ணி ஊத்தல்ல. கம்பால குத்திப் பார்த்த மேசன், அடியில சீமெந்தே இல்ல எண்டார். வாப்பா கிணத்துக்கு இறக்கிற கொட்டு வளையங்களத்தான் ஒண்டுக்கு மேல ஒண்டா மணலுக்குள்ள இறக்கி, மேல மூடியிருக்கிறார். போன்ல பார்த்த தொட்டி எங்களுக்கு ஒரு நாளும் இருக்கல்ல. கோடையில மண் உறிஞ்சிச்சு, போச்சு. மாரியில நிலத்துத் தண்ணி மேல வரக்க மண் எங்களுக்கே திருப்பித் தருது.

"திரும்ப எடுத்தா?" எண்டு கேட்டன்.

"எத்தனை தரம் எடுத்தாலும் ஊறும் ராத்தா. வெள்ளம் வத்தோணும்" எண்டார் மேசன். வெளியில மழை திரும்பவும் பிடிச்சிட்டு.

தங்கச்சி உடைஞ்ச டைல்ஸுக்கு மேல இருந்தா.

வீட்டுக்கு வந்து கக்கூசுக் கதவைத் திறந்தன். கொமட்டில தண்ணி விளிம்பு வரைக்கும் வந்து நிக்குது. கதவைச் சத்தமில்லாமச் சாத்தினன்.

அறைக்குள்ள இருந்து இவர் கூப்பிட்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு குரல் தெளிவா இருந்திச்சு.

"புள்ள, வா. என்னைத் தூக்கிவிடு. கக்கூசுக்குப் போகோணும்."