துவக்கின் நெற்றியில் சந்தனம்

இங்கிலாந்தில் கிரின்ஸ்டெட் பக்கத்தில் ஒரு துப்பாக்கி சுடும் கழகத்தில் மூன்று வருடங்களாக இருக்கிறேன். என்னுடையது நூறு வயது தாண்டிய பழைய இராணுவத் துவக்கு. தோளில் விழும் அந்த இடி, எண்ணெயும் வெடிமருந்தும் கலந்த மணம், தூரத்துத் தாளில் நடுவில் விழும் ஓட்டை. கிழமை முழுக்க அலுவலகத்தில் சேர்ந்த களைப்பு அதோடு போய்விடும். போன இலையுதிர்காலத்தில் கழக அணிக்கு மூன்று பேரைத் தெரிவு செய்தார்கள். இரண்டு இடங்கள் கழகத்தின் பழைய கிழவர்களுக்கு நிச்சயம். மூன்றாவது எனக்குத்தான் என்று நானே முடிவு செய்திருந்தேன்.

தெரிவுக்கு முதல்நாள் சரஸ்வதி பூசை. அம்மா விடவில்லை.

“புத்தகம், கொம்பியூட்டர் எல்லாம் வைக்கிறம். துவக்கு மட்டும் என்ன பாவம் செய்தது?”

“அதை வெளியிலை வைச்சிட்டுப் படுக்கேலாதம்மா. சட்டம்.”

“பூசையிலை வைச்சதை விடியமுன்னம் எடுக்கக் கூடாது. அது எங்கடை சட்டம்.”

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அந்த வாதத்தில் தோற்றவளும் நானே. கடைசியில் துவக்கு இரும்பு அலுமாரிக்குள்ளேயே நின்றது; பூசைதான் அதைத் தேடி வந்தது. நான் கதவைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். அம்மா சரஸ்வதி படத்தையும் அவல் தட்டையும் அலுமாரிக்கு முன்னால் வைத்துத் தேவாரம் பாடினார். பிறகு சந்தனக் கிண்ணத்தோடு துவக்கை மேலும் கீழும் பார்த்தார்.

“இதுக்கு நெத்தி எங்கையடி?”

“எங்கையாவது வையுங்கோவன்,” என்றேன், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் பத்துச் சூடு. முதல் ஐந்தும் வலப்பக்கம் போயின. குழாய் தேய்ந்துவிட்டது, பழைய சாமான் இப்படித்தான் என்று கழகத் தலைவருக்கு விளக்கமாகச் சொன்னேன். அவர் குனிந்து, கண்ணை வைத்துக் குறி பார்க்கும் பின்தகட்டைப் பார்த்தார். அதன் சின்ன வெட்டில் இடப்பக்கம் முழுக்க மஞ்சளாக ஏதோ காய்ந்து அடைத்திருந்தது.

“என்ன இது? சொசேஜ் இறைச்சிக்குப் போடுற கடுகுப் பசையை இதிலையும் பூசினாயோ?”

கிழவர்கள் சிரித்தார்கள். அம்மா கண்டுபிடித்த நெற்றி அதுதான். சந்தனம் வெட்டின் பாதியை அடைக்க, குறி வலப்பக்கம் விலகியிருக்கிறது. காலையில் தோட்டாவை எண்ணினேன், தோள்வாரைச் சரிபார்த்தேன், காதடைப்பான் எடுத்தேன். தகட்டைப் பார்க்கவில்லை.

தலைவர் தீக்குச்சியால் சுரண்டித் தந்தார். “வேணுமெண்டால் முதலிலையிருந்து சுடு. ஒருதரும் ஒண்டும் சொல்லமாட்டினம்.”

“தேவையில்லை,” என்றேன். பிழை என்னுடையது, சலுகை வேண்டாம் என்ற திமிர். மற்ற ஐந்தும் நடுவிலுள்ள கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தன. இரண்டு புள்ளி வித்தியாசத்தில் அணியில் இடம் போனது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவேயில்லை.

“கடைசி அஞ்சும் நடுவிலை பட்டதெல்லே?”

“ஓம். சந்தனத்தைச் சுரண்டினாப் பிறகு!”

“பாத்தியே, சரஸ்வதி அம்மாள் கைவிடேல்லை,” என்றார். “அந்த மனுசன் திரும்பச் சுடச் சொல்லேக்கை மாட்டனெண்டது அம்மாளோ, நீயோ?”